கடதாசிக் கப்பில் கொடுத்த தேநீர்

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் எங்கள் பகுதிக் கவுன்சிலின் இனவெறி எதிர்ப்புச் செயற்குழுவில் நான்தான் ஒரே தமிழன். ஆங்கிலம் நன்றாக வரும் என்று எடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பதும் என் வேலை.

ஒரு கூட்டத்துக்கு ஓர் இளம் கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர்களுடைய பிளாட்டின் கடிதம் போடும் கதவுத் துவாரத்தால் வெள்ளைக்காரப் பொடியன்கள் நாய்ப்பீ போடுகிறார்களாம், யன்னலுக்குக் கல் எறிகிறார்களாம். அவள் பிள்ளைத்தாச்சி. வேறு வீடு கிடைக்கும்வரை யாராவது இடம் கொடுப்பீர்களா என்று தலைவி கேட்டார். ஜமேக்காவில் பிறந்த பெண்மணி அவர். மற்றவர்கள் யோசிக்கமுன் நான் கையை உயர்த்தினேன். டூட்டிங்கில் எங்கள் மேல்மாடி அறை சும்மாதான் கிடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை அறை பார்க்க வந்தார்கள். அவள் யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சை நிம்மதியா நித்திரை கொள்ளலாம்" என்று கணவனிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

கீழே வந்ததும் நான் கேட்டேன். "தம்பி ஊரிலை எந்தப் பக்கம்?"

ஊரைச் சொன்னான்.

"அது சரி. கோயிலடியோ, அங்காலையோ?"

அவன் சிரித்தான். "லண்டனுக்கு வந்தும் விடமாட்டியள் போல. அங்காலைதான் அண்ணை."

நான் அறிய விரும்பியது சாதி. அறிந்துகொண்டேன். குசினிக்குள் மனைவி நான்கு பீங்கான் கப் எடுத்து வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தது நான்தான். மகளின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய, பலூன் படம் போட்ட கடதாசிக் கப்கள் இருந்தன. அவர்களுக்கு அதில் ஊற்றினேன்.

அவள் தன் கப்பைப் பார்த்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். குடிக்காமல் எழுந்தாள்.

"வாங்கோ, போவம்."

"திரும்ப அங்கையே? கல்லெறிவாங்களே," என்றேன், ஒப்புக்கு.

"ஓம் அண்ணை," என்றான் அவன். "அவங்கள் வெளியிலை நிண்டுதானே எறியிறாங்கள்."

நான் மறிக்கவில்லை. கதவைச் சாத்தியபோது ஆறுதலாக இருந்தது.

அந்த மாதமே அவர்களுடைய கதவுத் துவாரத்தால் எரியும் துணி ஒன்று உள்ளே விழுந்தது. புகைக்குள் ஓடிய அவள் படியில் விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவன் தனியே வந்தான். எங்கள் வீட்டில் அறை இருந்தும் ஏன் போகவில்லை என்று தலைவி கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"அண்ணைக்குத் தெரியும்தானே. நீங்களே சொல்லுங்கோ."

"எங்களுக்குக் கரைச்சல் கொடுக்க விரும்பவில்லையாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவ்வளவு ஆங்கிலம் அவனுக்கு விளங்கும்.

இடைவேளையில் கவுன்சிலின் வெள்ளைக் கப் ஒன்றில் அவனே தேநீர் கொண்டுவந்து நீட்டினான்.

"குடியுங்கோ அண்ணை. இஞ்சை எல்லாருக்கும் ஒரே கப்தான்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாங்கினேன். அவன் அப்பால் போனதும் கழிவறைக்குள் கொண்டுபோய் ஊற்றினேன். பிறகு கையைக் கழுவினேன்.