ஜன்னலோரம் எடுத்த இரண்டு போட்டோ

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிவகாசி லேபிள் பிரஸ்ஸில் காகிதம் அடுக்குகிற வேலையில் தொடங்கி, அதே ஊரில் சொந்தமாக ஆப்செட் மெஷின் போட்டு உட்கார்ந்தவன். இதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. கேமரா விஷயமும் அப்படித்தான். டிஜிட்டல் கேமரா வந்த புதிதில், பெரிய முதலாளி வீட்டுப் பையன்களே யோசித்துக்கொண்டிருந்தபோது, நான் மதுரைக்குப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கூடவே ஐம்பது எம்.எம். பிரைம் லென்ஸ்.

"அண்ணாச்சி, இதுல ஜூம் கிடையாது. கிட்டத்துல எடுக்கணும்னா நீங்கதான் நடந்து போகணும்" என்றார் கடைக்காரர்.

"நடந்து நடந்துதான்யா இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன்" என்றேன்.

கட்டைவிரல் உயரம்கூட இருக்காது அந்த லென்ஸ். ஆனால் அதன் கண் அகலமானது. பிளாஷ் போட்டால் மனித முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வரும். இதற்கு ஒரு ஜன்னல் போதும். மழை மூட்டத்திலும் தோலின் நிறம் தோலின் நிறமாகவே விழும். இன்னொரு வித்தையும் உண்டு. லென்ஸை முழுசாகத் திறந்துவைத்து ஆளின் கண்ணைக் குறிபார்த்தால் கண் மட்டும்தான் தெளிவு. காதுக்குப் போவதற்குள் எல்லாம் நெய்யாக உருகிவிடும். எதைக் காட்டலாம், எதை விடலாம் என்பது எடுக்கிறவன் கையில். எனக்கு அந்த லென்ஸ் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

என் இளைய மகள் அப்போது சாத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். சிறுபிள்ளையில் ஒரு தீபாவளிக்கு, பற்றாத புஸ்வாணத்தைக் குனிந்து பார்த்தாள். அது பற்றிக்கொண்டது. இடது தாடையிலிருந்து கழுத்து வரை தழும்பு. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். பெண் கேட்டு வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் கேட்கிற கேள்வி, "பிள்ளைக்கு மருந்து பட்டிருக்கா?" என்பது. அந்தக் கேள்வியிலேயே பல இடம் நின்றுபோனது.

விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் குடும்பம் ஒன்று கேட்டு வந்தது. பையனும் மண்டியையே கவனிக்கிறான், நல்ல மாதிரி என்றார்கள். தரகர் போட்டோ கேட்டார். மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, வலது பக்கம் முன்னால் வரும்படி திருப்பி, வலது கண்ணில் குறிவைத்து எடுத்தேன். கண் அப்படி மின்னியது. இடது தாடை மங்கி, பின்னால் இருந்த திரையோடு திரையாகப் போனது. ஒரு புள்ளிகூட நான் அழிக்கவில்லை. வியாபாரம் செய்கிற எவனும் சரக்கை நல்ல பக்கமாகத்தான் வைப்பான்.

பையன் வீட்டுக்குப் போட்டோ ரொம்பப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். வீட்டுக்காரி அன்றைக்கே முறுக்கு மாவு இடிக்கக் கொடுத்துவிட்டாள்.  மகள் ஒரு சாயங்காலம் கேமராவை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

"இன்னொண்ணு எடுங்கப்பா. இந்தப் பக்கம் பாத்து."

"எதுக்கு தாயி? அதான் பிடிச்சுப் போச்சுங்காகள்ல."

"அவுகளுக்கு யாரைப் பிடிச்சிருக்கு?"

அவள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "வர்ற லட்சுமியைக் காலால எத்தாத. வெள்ளிக்கிழமை வரட்டும், வந்து பாத்துக்கிடட்டும்."

"வந்து பாத்துட்டு, நம்ம வீட்டுக் காப்பியக் குடிச்சிக்கிட்டே மூஞ்சியைத் திருப்புவாக. நான் தட்டை வச்சுக்கிட்டு நிக்கணும். சரி, அதுவும் தாண்டிருச்சுன்னே வையிங்க. கல்யாணத்தன்னைக்கு நாலு பக்கமும் பிளாஷ் அடிப்பான்ல? அப்ப நான் எந்தப் பக்கம் திரும்பட்டும், சொல்லுங்க?"

நான் லென்ஸ் மூடியைக் கழற்றினேன். 

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. லென்ஸின் கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் முகம் முழுதும் தெளிவாக வரும், ஆனால் அதற்கு வெளிச்சம் போதாது. திறந்தே வைக்க வேண்டியதுதான். அப்படி வைத்தால் கண்ணும் தழும்பும் லென்ஸுக்கு ஒரே தூரத்தில் இருந்தாக வேண்டும்; ஒரு விரல்கடை முன்பின் ஆனாலும் ஒன்று மங்கிவிடும். அவளை இடது பக்கம் முன்னால் வரும்படி நன்றாகத் திருப்பி, நானும் முன்னே பின்னே நகர்ந்து பார்த்தேன். முதல் சில படங்கள் கெட்டன. ஒன்றில் கண் போயிற்று, ஒன்றில் தழும்பு போயிற்று.

"என்னப்பா, இன்னும் எத்தனை?"

"ஒண்ணுதான். மூச்சை விடாம இரு."

மூச்சை அடக்கியது நான்தான். அழுத்தினேன். சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தழும்பின் சுருக்கமும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நான் எடுத்ததில் அதற்கு மேல் ஒரு படம் இன்றுவரை கிடையாது. 

தரகரிடம் கொடுத்தால் பையை விட்டு வெளியே எடுக்கமாட்டார் என்று மகள் என்னையே போகச் சொன்னாள். போட்டோக் கடையில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு விருதுநகர் போனேன். மண்டியில் பையனின் அப்பா மூட்டைக்குள் கையை விட்டு உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் போட்டோவை வாங்கினார். பார்த்தார். வாசலுக்கு எடுத்துப்போய் மறுபடியும் பார்த்தார்.

"மருந்தா?"

"ஆமா. சின்னப் பிள்ளையில."

"மொத போட்டோவுல இல்லியே?"

"அதுலயும் உண்டு. லென்ஸு காட்டல."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "வீட்ல கலந்துட்டுச் சொல்லியனுப்புதோம்" என்றார். அதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

வேண்டாம் என்று இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. போட்டோ திரும்பி வரும், அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். வியாழக்கிழமை மத்தியானம் தரகர் வந்தார். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், பையைத் திறந்து போட்டோவை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தார். வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் போட்டோவைத் திருப்பினேன். முதலில் எடுத்தது. வலது பக்கம்.

"மத்தது எங்கய்யா?"

"அதைப் பையனோட அம்மா வச்சுக்கிட்டாக அண்ணாச்சி. இது வேண்டாமாம். நாளைக்கு வாராக. ஆனா அவுக வீட்லயும் இன்னும் ரெண்டு மனசுதான். பிள்ளையை நேர்ல பாத்துத்தான் முடிவுங்காக. அவுகளைக் குத்தம் சொல்ல முடியாது பாருங்க."

அன்றைக்கு லீவு போட்டிருந்த மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள் போல. வெளியே வந்து, தரகர் முன்பே கொடுத்திருந்த பையனின் போட்டோவை அலமாரியிலிருந்து எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். ஸ்டூடியோவில் எடுத்தது. மூக்குக்கண்ணாடியில் பிளாஷ் அடித்து இரண்டு கண்ணும் வெள்ளைச் சில்லாக இருந்தன.

"எனக்கும் ரெண்டு மனசுதான். இதுல கண்ணே தெரியல. அப்பா போய் ஒண்ணு எடுத்துட்டு வரட்டும். பொறவு அவுக வரட்டும்."

தரகர் என்னைப் பார்த்தார். "பொண்ணு வீட்டுக்காரக இப்படிக் கேட்டு நான் பாத்ததில்ல அண்ணாச்சி. காரியம் கெட்டுப்போவும்."

கெட்டுப்போகும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மண்டிக்குள் இருட்டு, வாசல் வெளிச்சம் மட்டும்தான். என் லென்ஸுக்கு அது போதும். விஷயத்தைச் சொன்னேன். பையனின் அப்பா முகம் கறுத்தது. பையனோ கணக்குப்பிள்ளையின் ஸ்டூலை இழுத்து வாசலோரம் போட்டு உட்கார்ந்தான்.

"கண்ணாடியைக் கழட்டணுமா?"

"வேண்டாம் தம்பி. இருக்கபடியே இருங்க."

குறிவைத்தேன். பின்னாலிருந்து அவன் அப்பா குரல் கொடுத்தார்: "ஏலே, கொஞ்சம் வலது பக்கமாத் திரும்பு, அதான் எடுப்பா இருக்கும்."

"திரும்ப வேண்டாம் தம்பி" என்றுவிட்டு, அவரைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.