சீனத்து அக்கா படித்த பாஷை

இன்று யாரோ வெயிலில் காயவைத்திருந்த ஆரஞ்சுத் தோலின் வாசனை, ரங்கூன் பசுந்தாங்கில் நாங்கள் குடியிருந்த, இப்போது இல்லாத மரவீட்டின் படிக்கட்டுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. கீழ்வீட்டில் ஒரு சீனத் தச்சர். சின்னப் பையனோடு கப்பலில் புதிதாக வந்திறங்கிய அவர் மனைவி, அந்தப் படிகளில் ஆரஞ்சுத் தோலைப் பரப்பிவிட்டு, அரிசி புடைக்கும் என் அம்மாவின் அருகில் உட்கார்ந்து, தண்ணி, சோறு, புள்ள என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பழகுவாள்.

அதுதான் பர்மா பாஷை என்று அவள் நம்பியிருந்தாள். பர்மாக்காரப் பூக்காரியிடமும் அதையே பேசிப் பார்ப்பாள். அம்மாவுக்கு இது தெரியாது; அப்போதெல்லாம் கூடவே நின்ற எனக்குத் தெரியும். ஆனால், வரும்போதெல்லாம் சர்க்கரையில் ஊறிய தோல் ஒன்றை என் கையில் வைப்பாளே, அது நின்றுபோகுமே என்று வாயைத் திறக்கவில்லை.

ஒரு மழைநாளில் அவள் பையன் சந்தையில் தொலைந்துபோனான். "எம்புள்ளையப் பாத்தியா? எம்புள்ளையப் பாத்தியா?" என்று அவள் கடைகடையாக ஓட, பர்மாக்காரிகள் புரியாமல் சிரித்தார்கள். சாயங்காலம் ஒரு படகுக்காரர் குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தார்.

கூடவே தேடி அலைந்து நனைந்த புடவையோடு நின்ற அம்மாவை விட்டுவிட்டு, அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "நீ சொல்லு, இது எந்த ஊரு பேச்சு?"

ஒரு சொல்கூடப் பிசகாமல், எங்கள் தமிழில்.