ராமலிங்கத்தின் இடது செருப்பு

பக்கவாதத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த ஒருவரை நடிக்கிறார் என்று அவர் மனைவியிடமே சொன்னேன். திருச்சியில் பிசியோதெரபிஸ்டாக இருந்த காலத்தில் நான் செய்த பெரிய தவறு அது.

ராமலிங்கத்துக்கு வாழைக்காய் மண்டி, வீடு ஸ்ரீரங்கத்தில். இடது கைகால் விழுந்து எங்கள் பயிற்சி ஹாலுக்கு வந்தவர், பாராலல் பார் என்ற இரட்டைக் கம்பியைப் பிடித்து நடந்து, பிறகு பிடிக்காமலே நடந்தார். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை என்றார் மனைவி செல்வி. மண்டியைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஜோரா நடக்குறீங்க, தெருவுல மட்டும் என்ன?"

"முடியலைங்க சார்."

அதற்கு மேல் பேசமாட்டார். எனக்குச் சந்தேகம். தம்பியோடு ஏதோ மனத்தாங்கல், வியாதியைச் சாக்கு வைக்கிறார் என்று முடிவு கட்டினேன். செல்வியைத் தனியே அழைத்து, "நடிக்கிறாரும்மா. தாங்கிப் பிடிக்காதீங்க, விரட்டுங்க" என்றேன்.

அதோடு விடவில்லை. ஒரு நாள் காலை, கையும் களவுமாகப் பிடிக்க, அவர் வீட்டெதிரே டீக்கடையில் ஒதுங்கி நின்றேன். செல்வியின் குரல் தெருவரை கேட்டது: "புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருந்தது போதும், கெளம்புங்க!"

ராமலிங்கம் படியிறங்கி ரப்பர் செருப்பை மாட்டினார். நாலைந்து எட்டில் இடது செருப்பு பின்னால் தங்கிவிட்டது. அவருக்கு அது தெரியவேயில்லை.

"அண்ணே, செருப்பு உங்களுக்கு முன்னாடி வீட்டுக்குப் போவுது!" என்று சிரித்தார் டீ மாஸ்டர்.

திரும்பி வந்து காலை நுழைக்கப் பார்த்தார். விரல்கள் வாரைக் கவ்வவில்லை. செருப்பு மடங்கி, ஆள் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன்.

"வெறுங்கால்ல வரலாமே?"

"முன்னாடி ஒருதடவை வந்து பாத்தேங்க. ரோடு சுட்டதே தெரியலை, கொப்புளத்தைப் பாத்துதான் தெரிஞ்சுது. செருப்பு கால்ல நிக்கலைன்னு எப்படிங்க சொல்றது, சின்னப் புள்ளையாட்டம்?"

எங்கள் ஹாலுக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை, வாசலிலேயே விட்டுவிடுவார்கள். அவர் செருப்புப் போட்டு நடந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களே, நோயாளி தெருவில் எதைப் போட்டு நடக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

பின்வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தேன். ஹாலிலும் எல்லோரையும் அவரவர் செருப்போடு நடக்கவைத்தேன். மணிக்கட்டு எலும்பு கூடியதும் அவர் மண்டிக்குப் போகத் தொடங்கினார்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போய், அவர் முன்னாலேயே செல்வியிடம், "தப்பு என்னுதும்மா. அவர் நடிக்கலை" என்றேன்.

"அன்னிக்கு நடிக்கிறாருன்னீங்க. இன்னிக்கு இல்லைங்குறீங்க. எதைங்க சார் நம்புறது?"

ராமலிங்கம், "கால் அசந்துபோச்சு செல்வி, கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

செல்வி எழுந்திருக்கவில்லை. கணவரின் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.