நில்லாத இரங்கல் பக்கம்

மதுரையில் ஒரு நாளிதழின் இணையதளத்தில் வேலை பார்க்கிறேன். அச்சுப் பதிப்பில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இணையத்துக்கு மாற்றப்பட்டவன். அச்சில், யார், எங்கே, எப்போது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் அதை முடிந்தவரை கீழே தள்ள வேண்டும். அங்கே போய்ச் சேர்வதற்குள் வாசகர் மூன்று விளம்பரங்களைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த வேலையில் நான் தேறியிருந்தேன்.

தினமும் திண்டுக்கல்லிலிருந்து போய்வருகிறேன். அங்கே அத்தா, அதாவது என் அப்பா, என்னோடு இருக்கிறார். பஸ் ஸ்டாண்டு அருகே சாப்பாட்டுக் கடை நடத்தியவர். கண்ணில் புரை விழுந்தபின் பேப்பர் எழுத்து அவருக்குத் தெரியவில்லை. போனில் எங்கள் இணையதளத்தையே பெரிதாக்கிப் படிக்கலாம் என்று சொல்லி வீட்டுக்கு வந்த பேப்பரை நிறுத்தினேன். அவர் முதலில் பார்ப்பது இரங்கல் பக்கம். தெரிந்த முகம் இருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, நான் அலுவலகத்தில் இருந்தபோது கூப்பிட்டார்.

“ஏலே, நம்ம வெங்காயக்காரன் மூஞ்சி மாதிரி தெரிஞ்சுச்சு. பேரப் படிக்கிறதுக்குள்ள ஓடிப்போச்சு.”

வெங்காயக்காரர் என்றால் ரெட்டியார்சத்திரத்து விவசாயி. கடைக்குச் சின்ன வெங்காயம் போட வந்து அத்தாவுக்கு நண்பரானவர்.

“எங்கத்தா ஓடிச்சு?”

“எனக்கென்ன தெரியும்? ஒருத்தி வந்து சேலை வாங்குறியாங்குறா. பெருக்கல் குறிய அமுக்குனா அவ கடைக்கே கூட்டிட்டுப் போறா. திரும்பி வந்தா, உடனுக்குடன் செய்தி அனுப்பவான்னு கேக்குது. வேணாம்னேன். கோவிச்சுக்கிட்டாப்ல மொத்தமும் மேல ஏறிப்போச்சு.”

“அவருக்கே போன் போடுங்களேன்.”

“போட்டேன். சுவிட்ச் ஆஃப்.”

“தோட்டத்துல இருப்பாரு. இல்லாட்டி நேரா போயிப் பாத்துட்டு வாங்க.”

“உசுரோட இருக்கிறவன் வீட்டு வாசல்ல போயி, செத்துட்டானான்னு கேக்கச் சொல்றியா?”

மதியம் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு விபத்துச் செய்தியை நான்கு பக்கங்களாக உடைத்துக்கொண்டிருந்தேன். இரங்கல் பக்கம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் பார்வையாளர் கணக்கில் ஒன்று கூடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

பன்னிரண்டரைக்குப் பக்கத்தைத் திறந்தேன். அலுவலகக் கணினிகளில் விளம்பரங்கள் வராது. எங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று தடுத்துவைத்திருக்கிறோம். ஐந்து விநாடியில் கிடைத்தது. அவர்தான். காலை பதினொரு மணிக்கு இறுதி ஊர்வலம் என்று போட்டிருந்தது.

நான் திண்டுக்கல் வந்து, அத்தாவைக் கூட்டிக்கொண்டு ரெட்டியார்சத்திரம் போனபோது மூன்று மணி. பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசல் கழுவிய ஈரம் காயவில்லை.

வெங்காயக்காரரின் மகன் எழுந்து வந்தார். “என்ன மாமா, இம்புட்டு நேரங்கழிச்சு? அப்பா போன் உடைஞ்சு கெடக்கு. உங்க நம்பரு அதுக்குள்ளதான் இருந்துச்சு. அம்மாதான் சொன்னாக, பேப்பர்ல போட்டுருங்கடா, பாய் பாத்துருவாகன்னு. அதுக்காகத்தான் போட்டது. அரை மணி நேரம் தள்ளித்தான் எடுத்தோம்.”

அத்தா என் பக்கம் திரும்பவில்லை. “பாக்காம விட்டுட்டேன்ப்பா. எந் தப்பு” என்றார்.

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும், “மொகத்தப் பாக்கணுமே” என்றார் அத்தா. மாலை போட்டுக் கிடத்தியிருந்தபோது எடுத்த படம் மகனுடைய போனில் இருந்தது. அவர் அதை எடுத்து நீட்டினார்.

“நீயே பிடிச்சுக்கப்பா. நாந் தொட்டா ஓடிப்போயிரும்” என்று சொல்லிவிட்டு, அத்தா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். திரை அணைந்தது. மகன் தொட்டு எழுப்பினார். மறுபடி அணைந்தது, மறுபடி எழுப்பினார். அத்தா நிமிரும்வரை மகன் கையை இறக்கவில்லை.