ஏழுமலை அண்ணாவின் ரத்த மாத்திரை

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால நிக்கிறது பாதி வைத்தியர் வேலை, பாதி போலீஸ் வேலை. நின்னு நின்னு கால் வீங்கின என் இனத்துக்கு இதைச் சொல்லவே வேணாம்.

கேஸ் மாத்திரை

செங்கம் ரோட்ல எங்க கடை. அடி அண்ணாமலையில சாமந்தி போடுற ஏழுமலை அண்ணா ஒருநாள் காலையில நெஞ்சைத் தடவிக்கிட்டே வந்து கேஸ் மாத்திரை கேட்டார். சட்டை வேர்வையில ஒட்டிக்கிட்டிருந்தது. இடது கை வேற மரத்துப்போச்சாம். எனக்கு வந்ததே கோபம்! "மாத்திரையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது"ன்னு கத்தி, ஆட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டேன். ஏறும்போது டிரைவர்கிட்ட முணுமுணுத்தார்: "ஒரு சோடாவுல போற விஷயத்துக்கு இந்தம்மா ஊரையே கூட்டுது!"

அதிகப்பிரசங்கம்

கேஸ் இல்லைங்க. இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல கொழுப்பு படிஞ்சு, அது வெடிச்ச இடத்துல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. குழாய் மூடாம இருக்க உள்ள ஸ்டென்ட்னு ஒரு சின்ன கம்பிவலை வெச்சு அனுப்பினாங்க. சீட்டோட வந்தவர்கிட்ட பொறுமையா சொன்னேன்: "இது ரத்தம் கட்டாம பாத்துக்கிற மாத்திரைண்ணா. ஒருநாள்கூட விடக்கூடாது. விட்டா ஸ்டென்ட்லயே கட்டி அடைச்சுக்கும்."

அதோட நிறுத்தியிருக்கலாம். பெரிய மேதாவியாட்டம், "கையில கால்ல அடிபட்டா ரத்தம் லேசுல நிக்காது, ஜாக்கிரதை"ன்னும் சொல்லித் தொலைச்சேன். ரொம்ப கவனமா கேட்டுக்கிட்டார். "அடிபடாம பாத்துக்கிறது என் பொறுப்பு மேடம்."

மிச்சமிருந்த அட்டை

மூணு மாசம் கழிச்சு அவர் மனைவி அலமேலு அக்கா வந்தாங்க. கையில பாதி தீர்ந்த அட்டை. பௌர்ணமியன்னிக்கு கிரிவலப் பாதையிலேயே சாஞ்சுட்டாராம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உயிர் போயிடுச்சாம். ஸ்டென்ட்ல மறுபடி ரத்தக்கட்டின்னு டாக்டர் சொன்னாராம். "மாத்திரை போட்டாரா அக்கா?"ன்னு கேட்டேன். தினம் போட்டாராம். பௌர்ணமிக்கு முன்னாடி ஒரு வாரம் மட்டும், மாசாமாசம் நிறுத்திடுவாராம். வெறுங்கால்ல மலையைச் சுத்தணுமே, கல்லோ முள்ளோ குத்தி ரத்தம் நிக்கலைன்னா?

என் வாயால வந்த வினை. நாலு வார்த்தை திட்டமாட்டாங்களான்னு இருந்தது. அவங்க அட்டையை கவுண்டர்மேல வெச்சாங்க, இல்லாதவங்க யாருக்காச்சும் ஆவும்னு. அப்புறம் எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி சொன்னாங்க: "நீங்க சொன்ன பேச்சை அவரு ஒருநாளும் தட்டலைம்மா."

எச்சரிக்கை சொல்றதுக்கு எங்களுக்குப் படிப்பு இருக்குதுங்க, அதுல எந்தப் பாதியை எடுத்துக்கிட்டு ஒரு மனுஷன் வீட்டுக்குப் போறார்னு தெரிஞ்சுக்கத்தான் படிப்பு இல்லை.