எருமை மிதித்த கட்டுக்கு ஒரு சைக்கிள்

நான் படிப்பிக்கும் பாடசாலை விட்டதும் கிழமையில் மூன்று நாளாவது வயலுக்குப் போவேன். வாப்பா எனக்குத் தந்த காணி அது. கணவர் கத்தாருக்குப் போன பிறகு வேளாண்மையை நான்தான் பார்க்கிறேன். கல்முனைத் தார் ரோட்டை விட்டு இறங்கினால், வயல் வரைக்கும் வாய்க்காலோரத்து மண்கட்டுத்தான் பாதை.

போன சிறுபோகப் பயிர்க்காலத்தில் அந்தக் கட்டின் மேல் விழுந்தேன். மழை ஈரத்தில் எருமைகள் மிதித்த குழிகள் வெயிலில் காய்ந்து கல்லாகிக் கிடந்தன. என் லேடீஸ் சைக்கிளின் முன்சில்லு ஒரு குழியில் மாட்டி, இடது மணிக்கட்டு முறிந்தது. பிளாஸ்டர் கழற்றிய பிறகும், அந்தக் கட்டில் சைக்கிள் குலுங்கும்போதெல்லாம் எலும்புக்குள் குத்தியது.

“ஸ்கூட்டி ஒண்டு எடன் புள்ள,” என்றார் கணவர், போனில்.

“அந்தக் கட்டுல ஸ்கூட்டியோட உழுந்தா இன்னும் மோசம்.”

“அப்ப வயலக் குத்தகைக்குக் குடுப்பம்.”

அவர் என் கைக்காகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கெல்லாம் மனம் சரியில்லை.

முன்னுக்கும் பின்னுக்கும் குலுக்கத்தை வாங்கும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக்குகளைப் போனில்தான் முதலில் பார்த்தேன். வீடியோவில் அவற்றை ஓட்டியவர்கள் கல்லிலும் வேரிலும் ஏறி இறங்கினார்கள். ஓட்டுகிறவரின் தோள் அசையவேயில்லை. வெளிநாட்டில் பாவித்த சைக்கிள்களை இறக்கி விற்கும் கடையொன்றுக்குக் கூடப்பிறந்த ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் பெரியநீலாவணைப் பக்கத்து ஆள்.

“டீச்சர், உங்களுக்கு முன்னுக்கு மட்டும் சஸ்பென்ஷன் இருந்தாக் காணும்,” என்றார். “பின்னுக்கும் இருக்கிறது மலையில ஓடுற பொடியன்மாருக்கு.”

“கடை வாசல்ல ஓடிப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இரிக்கும். வாய்க்கால் கட்டுல ஓடிப் பாக்கலாமா?”

அவர் சிரித்தார். ஆனால் சனிக்கிழமை காலையில் சின்ன லொறியில் மூன்று சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

அவர் சொன்னதிலேயே முதலில் ஏறினேன். முன்பக்கம் மெத்தென்று இருந்தது. குழிகள் தொடங்கியதும் பின்சில்லு எகிறி என்னை முன்னால் தள்ளியது; உடம்புப் பாரமெல்லாம் மணிக்கட்டில் வந்து விழுந்தது. நூறு மீட்டர்கூடப் போகவில்லை, இறங்கிவிட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்ததை இறக்கினார்.

அது பார்க்க அழகான சைக்கிள். பின்னால் தடித்த ஸ்பிரிங், மோட்டார் சைக்கிள் போன்ற முன்பக்கம். குழிகள் இருப்பதே தெரியவில்லை. ஆனால் மிதிக்க மிதிக்க அமுங்கி அமுங்கி எழும்பியது. கால் பலத்தில் பாதியை ஸ்பிரிங்கே தின்றது. வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட பலகையில் அதைத் தூக்கிக் கடக்க என்னால் முடியவேயில்லை. மலை இறக்கத்துக்குச் செய்த சைக்கிள் அது. எங்கள் பக்கம் மேசை மாதிரி தட்டை.

மூன்றாவதில் பெயின்ட் உரிந்திருந்தது. சின்ன பிரேம், பின்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ஷொக். அமுங்கும் தூரம் குறைவு என்பதால் மிதிக்கும்போது ஆடவில்லை, தூக்கவும் இலேசு. ஆனால் குழியில் கல் மாதிரி இடித்தது.

“இது சரிவராது போல,” என்றேன்.

கடைக்காரர் குனிந்து ஷொக்கைப் பார்த்தார். “பொறுங்க டீச்சர். ஆரோ பாரமான ஆளுக்குக் காத்தடிச்சிருக்கு. உங்கட நிறை எவ்வளவு?”

நான் வாய்க்காலைப் பார்த்தேன்.

“அறுபத்திரெண்டு!” என்று மரத்தடியிலிருந்து ராத்தா கத்தினாள்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொஞ்சம் காற்றை இறக்கினார். மறுபடி ஏறினேன். தலையில் சுற்றிய ஸ்காபுக்கு மேல் போட்ட ஹெல்மெட் நெற்றிக்குச் சரிந்தது. ஒரு கையால் அதைத் தள்ளிவிட்டபோதுதான் கவனித்தேன், மற்றக் கையால் மட்டும் பிடித்துக்கொண்டு குழிகளைக் கடந்துகொண்டிருக்கிறேன். ஹாண்டிலைப் பிடித்திருந்தது இடது கை.

வயல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

“கை எப்பிடிகா?” என்றாள் ராத்தா.

“நோவு இல்ல.” மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினேன்.

“நான் சொன்னது பிழைதான் டீச்சர்,” என்றார் கடைக்காரர். “இந்தக் கட்டுல நான் ஒருநாளும் ஓடிப் பாக்கல்ல.” அதையே நான் வாங்கியதும், அதன் ஷொக்குக்கு எப்படிக் காற்றடிப்பது என்று இரண்டு தரம் காட்டித் தந்தார்.

இப்போது பெரும்போகம். மாரிக் குளிரில் மணிக்கட்டு கொஞ்சம் உளையும், அது வேறு. குத்தகைக் கதையைக் கணவர் பிறகு எடுக்கவில்லை. போன கிழமை வயலில் வேலை சீக்கிரம் முடிந்ததும், வீட்டுப் பக்கம் திரும்பாமல் மேற்கே ஓட்டினேன். எங்கள் வயலுக்கு இத்தனை வருசமாக வரும் தண்ணீர் பெரிய வாய்க்காலிலிருந்து பிரியும் மதகை அன்றைக்குத்தான் கண்டேன். வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து கணவருக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

“அதுக்கு அங்கால என்ன இரிக்கி?” என்று கேட்டார்.

“தெரியா,” என்றேன். “வாற சனிக்கிழமை போய்ப் பாக்கணும்.”