கிருஷ்ணகிரி வரைக்கும்

எங்கள் வீட்டு டெலிபோன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரு பை இருந்தது. மெரூன் கலர் ரெக்ஸின் பை. ஜிப் பாதியில் நின்றுவிடும். கைப்பிடியில் மஞ்சள் துணி முடிந்திருந்தது. போன வாரம் அந்தப் பை ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டது.

பை எப்படிக் கிளம்பும் என்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் கிளம்பும். மனிதர்களுக்கு முன்னாலேயே கிளம்பும்!

அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நீங்கள் ஊருக்குப் போகிற நாள் அவ்வளவு நல்ல நாளாக இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வருகிற ஒரு நல்ல நாளில், நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோகிற பைகளில் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்த நிமிடமே பிரயாணம் தொடங்கியதாகக் கணக்கு. அப்புறம் ராகு காலமாவது, எமகண்டமாவது... ஒன்றும் செய்யாது. ஒரே ஒரு கண்டிஷன் உண்டு. அந்தப் பையைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. எடுத்தால் நேராக வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

நான் ஸ்கூலில் சயின்ஸ் எடுக்கிறவள். சும்மா இருப்பேனா? "கிரகங்களுக்கெல்லாம் கண்ணு தெரியாதா மதினி? பையைப் பாத்து ஏமாந்து போயிருமா?" என்று கேட்டேன். "ஏளா விசாலம், ஒனக்கு வாய் கூடிப்போச்சு" என்று சிரித்தாள் கோமதி மதினி. அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கோமதி மதினி எனக்கு உறவெல்லாம் இல்லை. தச்சநல்லூரில் எங்களுக்கு எதிர் வீடு. அவள் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலை பார்த்த காலமெல்லாம் ரோட்டிலேயே நின்றவர். ஆனால் சொந்தமாகப் பிரயாணம் என்று திருச்சியைத் தாண்டிப் போனதில்லை. ரிட்டயர் ஆன கையோடு ஒரு பழைய அம்பாசடர் கார் வாங்கினார். வெள்ளைக் கார். அதைத் துடைப்பதற்கென்றே காலையில் எழுந்திருப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள், செல்வி. இந்தத் தெருவில் பாண்டி ஆடி வளர்ந்த பெண். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனாள். கூட வேலை பார்த்த பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. சைவப் பிள்ளைமார் வீட்டில் கேட்க வேண்டுமா? "இனிமே அந்த ஊர்ப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று அண்ணாச்சி நடுத்தெருவில் நின்று சொன்னார். அன்றோடு அந்த வீட்டில் செல்வி என்ற பேச்சு நின்றுபோனது.

பேச்சு எங்கே நின்றது? எங்கள் வீட்டுக்கு இடம் மாறியது. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் போன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓசூரிலிருந்து செல்வி கூப்பிடுவாள். நான் ஜன்னலைத் திறந்து, "மதினி... கறிவேப்பிலை பறிச்சு வச்சிருக்கேன்!" என்று குரல் கொடுப்பேன். அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு மதினி ஓடி வருவாள். பேசிவிட்டு, கையில் நாலு இணுக்குக் கறிவேப்பிலையோடு திரும்பிப் போவாள். வாசலில் அண்ணாச்சி பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

செல்வி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு மதினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைப்பிரசவம். தாய் வீட்டில் நடக்க வேண்டியது. ஆனால், "ஓசூருக்குப் போவோம்" என்று அவள் வாய் திறந்து கேட்கவில்லை. "காரு சும்மாத்தானே நிக்கி? நாலு கோயில் கொளம் பாத்துட்டு வருவோமே" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணாச்சிக்குக் குஷி பிறந்துவிட்டது. சாயங்காலமானால் கார் பானெட்டின் மேல் தமிழ்நாடு மேப் விரியும். எங்கள் வீட்டுக்காரரும் போய் நின்றுகொள்வார். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம்... எந்த ஊரில் சாப்பாடு, எங்கே படுக்கை, எந்த பங்க்கில் பெட்ரோல் கலப்படம் இல்லாமல் கிடைக்கும் என்று பேச்சு போகும். "சாத்தூர் தாண்டுனா பைய போகணும்வே, ரோடு உழுது போட்ட மாதிரி கெடக்கு" என்பார் அண்ணாச்சி. ஏதோ நாளைக் காலையில் புறப்படுவது போலவே இருக்கும்.

மதினி காபி கொண்டுவருகிற சாக்கில் வந்து மேப்பை எட்டிப் பார்ப்பாள்.

"சிதம்பரம் வரைக்கும் போயிட்டுத் திருவண்ணாமலைய விட முடியுமா?"

"போட்டுட்டாப் போச்சு."

நாலு நாள் கழித்து, "திருவண்ணாமலைல இருந்து கிருஷ்ணகிரி பக்கம்தானாம்லா?"

"கிருஷ்ணகிரில என்ன கோயிலு இருக்கு?"

"கோயில் என்னத்துக்கு? மாம்பழம் நல்லா இருக்குமாம்."

"மாம்பழத்துக்கா அம்புட்டுத் தூரம்? பாளையங்கோட்டை மார்க்கெட்டுல கெடைக்காத மாம்பழமா?"

மதினி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி ரொம்ப நேரம் மேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் எங்கள் வீட்டுக்காரரிடம், "கிருஷ்ணகிரி வரைக்கும் ரோடு நல்லாத்தான் இருக்குவே" என்று பட்டும் படாமல் சொன்னார். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் எவ்வளவு தூரம்? அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் இன்னொரு டீக்கு ஆசை வருவதற்குள் போய்விடலாம். ஆனால் பிளான் அங்கேயே நின்றது. அதற்கு மேல் அவரும் நகர்த்தவில்லை, அவளும் நகர்த்தச் சொல்லவில்லை.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன். போனைக் காதில் வைத்தபடி மதினி அழுதாள்... சத்தம் ரோட்டுக்குப் போய்விடக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் நேரே எதிர் வீட்டுக்குப் போய் அண்ணாச்சியை நாலு கேள்வி கேட்டுவிடலாமா என்றிருந்தது. மதினி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ளா. அவிய வாரேன்னுதான் இருக்காவ. பைய வருவாவ."

எங்கே வந்தார்? முதலில் காருக்கு என்ஜின் வேலை என்றார். அது முடிந்ததும் வெயில் ஆறட்டும் என்றார். அப்புறம் கரிநாள், அஷ்டமி, நவமி. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசையில் வண்டி எடுக்கக் கூடாது. பாக்கி நாட்களில் மெக்கானிக் வரமாட்டான். நானும் பார்த்துவிட்டேன்... நம்மில் பாதிப் பேர் ஒரு காரியத்துக்கு இவ்வளவு விலாவாரியாகத் திட்டம் போடுவதே அதைச் செய்யாமல் இருக்கத்தான்!

கடைசியில் மதினிதான் அந்த வேலை செய்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு, மெரூன் பையோடு எங்கள் வீட்டுக்குள் வந்தாள்.

"பரஸ்தானம் வச்சிட்டேன். இனி அவிய எப்பிடித் தள்ளிப்போடுதாவன்னு பாக்கேன்."

அப்போதுதான் நான் கிரகங்களின் கண்பார்வையைப் பற்றிக் கேட்டது. அவள் சிரித்தது.

பையைத் திறந்து காட்டினாள். தொட்டில் கட்ட அவளுடைய பழைய நூல் சேலைகள், துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போனவை. குழந்தையைப் போட ஒரு சின்னப் பத்தமடைப் பாய். வசம்பு, உரை மருந்து. ஒரு பாட்டில் தண்ணீர்.

"தண்ணி எதுக்கு மதினி? ஓசூர்ல தண்ணி இல்லையா?"

"அது என்ன தண்ணியோ! நம்ம ஆத்துத் தண்ணி ஒரு பாலாடையாவது பேத்தி வாயில படாண்டாமா?"

விஷயம் தெரிந்து அண்ணாச்சி வந்தார். எங்கள் வீட்டு வாசற்படியில் நின்றபடியே உள்ளே பார்த்தார். "வச்சுட்டாளா?" என்றார். பிறகு, "சரி, திங்கக்கெழம கெளம்பிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே டயருக்குக் காற்றுப் பிடித்து, டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தார். ஓசூர் என்று அப்போதும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழிக்குக் கட்டுச்சோறு கிளற மதினி புளிக்காய்ச்சல் போட்டுக்கொண்டிருந்தாள். பெருங்காய வாசனை எங்கள் வீடு வரைக்கும் வந்தது. அப்புறம் அண்ணாச்சி கத்துகிற சத்தம் கேட்டது. ஓடினோம். மதினி அடுப்புக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டேங்க் நிறைந்து நின்ற அதே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அவள் தலை என் மடியில் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. பார்வை இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு மடி கனக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திவிட்டு, துணி மாற்ற என் வீட்டுக்குள் நுழைந்தேன். போன் அடித்தது.

"அத்தை... அம்மா நாளைக்குக் கெளம்புதாளாமே? அப்பா என்ன சொன்னாவ? இங்க வருவாவளா, வரமாட்டாவளா?"

காலடியில் அந்தப் பை இருந்தது. எப்படியோ சொன்னேன். அந்தப் பெண் அலறிய அலறல்... வேண்டாம், அதை எழுதப் போவதில்லை. பச்சை உடம்பு. ஆபரேஷன் செய்த உடம்பு இன்னும் தேறவில்லை. அந்த நிலையில் அவ்வளவு தூரம் அவளால் எப்படி வர முடியும்? அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட முடியாமல் போய்விட்டது செல்விக்கு.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் பையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். போகாத பயணத்துப் பை, வீட்டுக்கும் ஆகாது, வைத்திருக்கிறவர்களுக்கும் ஆகாது, ஆற்றோடு விட்டுவிடுங்கள் என்றார் ஒரு பெரிய மனுஷி. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எங்க வீட்டுக்கு ஆகலைன்னா நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க ஒங்க சோலியப் பாருங்க" என்றேன். அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

போன வாரம் காலையில் அவரே வந்தார். ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பையைப் பார்த்தபடியே பேசினார்.

"தங்கச்சி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா நெனச்சிய? ஞாயித்துக்கெழமை தவறாம அவ இங்கன கறிவேப்பில வாங்க வருவா. எங்க வீட்டுப் பின்னாலயே கறிவேப்பில மரம் நிக்கி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போகணும்னுதான் பிளான் போட்டேன். கிருஷ்ணகிரி வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல நானாப் போயி எப்பிடிக் கதவத் தட்டுவேன்? நடுத்தெருவுல நின்னு சொன்ன வாயில்லா? 'செல்வியப் பாக்கணும்'னு அவ ஒரு வார்த்த கேட்டிருந்தா, சரி வா, ஒனக்காகத்தான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருப்பேன். அவ கேக்கட்டும்னு நான் இருந்தேன். நான் சொல்லட்டும்னு அவ இருந்திருக்கா. சண்டாளன் நான், கடைசி வரைக்கும் அவளக் கேக்கவே வைக்கல தங்கச்சி..."

அந்த மனுஷர் அழுது நான் பார்த்ததில்லை. மயானத்திலிருந்து திரும்பியபோதுகூட அழவில்லை. எங்கள் வீட்டு ஹாலில் நின்று, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கொஞ்சம் ஆறியபின் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "பரஸ்தானம் வச்ச பையத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாதாம்லா?"

முறைக்கு இதற்கு ஒரு சயின்ஸ் டீச்சர் என்ன பதில் சொல்ல வேண்டும்?

"கூடவே கூடாது அண்ணாச்சி" என்றேன்.

"அப்ப வண்டியிலதான் ஏத்தணும்?"

"வண்டியிலதான் ஏத்தணும்."

தலையை ஆட்டினார். பாட்டிலில் இருந்த தண்ணீர் பழசாகிவிட்டதே என்று யோசித்தார். நான் அதைக் கொட்டிவிட்டு எங்கள் பைப்பிலேயே புதுத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். எங்கள் பைப்பில் வருவதும் ஆற்றுத் தண்ணீர்தான். எங்கள் வீட்டுக்காரர், "நானும் கூட வாரேன் அண்ணாச்சி, தனியாவா ஓட்டுவிய?" என்றார். "வேண்டாம்வே. அவளும் நானும் போகத்தான் பிளான் போட்டது" என்றார் அண்ணாச்சி. முன் சீட்டில் பையை உட்கார்த்தி வைத்தார்.

கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்கிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. முனையில் பெட்டிக்கடைக்காரர், "தூரமா அண்ணாச்சி?" என்று நாசூக்காகத்தான் கேட்டார். அண்ணாச்சி காரை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார். "ஓசூருக்கு. மக வீட்டுக்கு" என்று சொன்னார்... நாங்கள் நிற்கிற இடம் வரைக்கும் கேட்டது.

அவர் போனபிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று செவ்வாய்க்கிழமை, வடக்கே சூலம்.

மறுநாள் சாயங்காலம் செல்வி கூப்பிட்டாள். "அத்தை, அப்பா வந்திருக்காவ. அம்மா சேலையிலதான் தொட்டில் கட்டிருக்கு. அப்பாதான் ஆட்டிட்டு இருக்காவ" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சந்தோஷத்தில் போனைக் கையில் பிடித்தபடியே ஜன்னலைத் திறந்து, பழக்க தோஷம்... "மதினி! கறிவேப்பிலை..." என்று கத்திவிட்டேன்.

எதிர் வீடு பூட்டிக் கிடந்தது.